உரிமையாளரே நிறுவுநராக: லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் நிறுவல் – ஒரு வரலாற்று நோக்கு (1991–2013)

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு புதிய பயனர் முதன்முறையாகத் தம் கணினியில் நிறுவும் செயல் 1991 முதல் 2013 வரை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நிறுவல் கடினமானது என்னும் பரவலான கருத்து மென்பொருளின் இயல்பிலிருந்து மட்டும் எழுந்ததன்று; பிற கணினிகளில் தொழிற்சாலையே முடித்துவிட்ட வேலை லினக்ஸ் பயனரின் கைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து எழுந்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்வேலையைச் செய்யத் தேவையான அறிவு ஆவணத்திடமும், சக பயனரிடமும், இறுதியில் நிறுவி நிரலிடமும் கைமாறிய விதமும், தமிழில் நிறுவல் சாத்தியமான விதமும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், நிறுவல், வட்டுப் பிரிவினை, ஸ்லாக்வேர், டெபியன், தமிழாக்கம், பாஸ் லினக்ஸ்.

முன்னுரை

லினக்ஸ் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே அமைகின்றன: லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல், ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த உரிமம், இவ்விரண்டையும் வைத்து வளர்ந்த நிறுவனங்கள். அவற்றைத் தம் கணினியில் ஏற்ற முனைந்த பயனரின் உழைப்பு ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. ஆனால் ஓர் இயங்குதளம் பரவுவதும் பரவாமற்போவதும் அந்த உழைப்பின் அளவைப் பெரிதும் சார்ந்தவை. கெர்னல் எத்துணைச் சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும், வன்தட்டின் பிரிவினைப் பட்டியலில் ஓர் எண்ணைத் தவறாக இட்ட பயனருக்கு அச்சிறப்பு எட்டாது.

நிறுவல் என்பது உண்மையில் நான்கு வேலைகளின் தொகுப்பு. வன்தட்டில் இடம் ஒதுக்க வேண்டும். அவ்விடத்தில் கோப்புமுறைமையை அமைக்க வேண்டும். நிரல்களை அதில் ஏற்ற வேண்டும். கணினி இயங்கத் தொடங்கும்போது கெர்னலைக் கண்டெடுத்து ஏற்றும் துவக்கியை உரிய இடத்தில் பதிக்க வேண்டும். திரை, ஒலி, வலையட்டை ஆகியவற்றை இயங்குதளத்துக்கு அறிமுகப்படுத்துவது இவற்றோடு சேர்ந்த கூடுதல் சுமை. விண்டோஸ் உட்பட எல்லா இயங்குதளங்களுக்கும் இவை பொதுவானவை. யார் செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

தொழிற்சாலையில் முடிந்துவிட்ட வேலை

1980களின் இறுதியில் கணினி தயாரிப்பாளர்களுடன் மைக்ரோசாஃப்ட் செய்துகொண்ட ஒப்பந்தங்களுள் ஒரு வகை குறிப்பிடத்தக்கது. அதன்படி, தயாரிப்பாளர் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் எம்.எஸ்.டாஸ் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அக்கணினியில் அந்த இயங்குதளம் ஏற்றப்பட்டதா என்பது பொருட்டன்று. வேறோர் இயங்குதளத்தை ஏற்றி விற்பவர் இரு முறை பணம் செலுத்தும் நிலை இதனால் உருவானது. அமெரிக்க நீதித்துறை இதனை எதிர்த்ததன் விளைவாக 1994 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டில் இவ்வகை ஒப்பந்தங்களைக் கைவிட மைக்ரோசாஃப்ட் இசைந்தது. ஆயினும், கணினி என்றால் விண்டோஸ் ஏற்றப்பட்ட கணினி என்னும் வழக்கம் அதற்குள் நிலைபெற்றுவிட்டது.

இவ்வழக்கத்தின் விளைவு ஆழமானது. பெரும்பாலான பயனர்கள் எந்த இயங்குதளத்தையும் நிறுவிய அனுபவமே இல்லாதவர்களாக இருந்தனர். விண்டோஸை நிறுவுவது எளிதா, கடினமா என்பதை அவர்கள் அறிய நேரவில்லை. ஆகவே லினக்ஸையும் விண்டோஸையும் ஒப்பிட்டவர்கள், ஒன்றை நிறுவும் வேலையை மற்றொன்றைப் பயன்படுத்தும் வேலையோடு ஒப்பிட்டனர். இவ்வொப்பீடு முறையானதன்று, ஆனால் சந்தை தந்த ஒப்பீடு அதுவே.

இதற்கு எதிர்வினையும் இருந்தது. விண்டோஸின் உரிம உடன்படிக்கையை ஏற்காதவர் அதனைத் திருப்பியளித்துப் பணம் பெறலாம் என அவ்வுடன்படிக்கையிலேயே இருந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டி, 1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டியில் இருந்த மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு லினக்ஸ் பயனர்கள் திரண்டு சென்றனர். கணினித் தயாரிப்பாளரிடமே பணத்தைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி.

மூலநிரலைத் திருத்துவதே நிறுவல்

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவரான டோர்வால்ட்ஸ் தம் முயற்சியை மினிக்ஸ் பயனர்களுக்கு அறிவித்தார். செப்டம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்ட மூலநிரல். அதற்கு நிறுவி என ஏதும் இல்லை. அதனைத் தொகுக்க மினிக்ஸ் இயங்கும் கணினி வேண்டும். வன்தட்டின் அளவைகளையும், மூலக் கோப்புமுறைமை எந்தப் பிரிவில் உள்ளது என்பதையும் பயனர் மூலநிரலிலேயே திருத்தி எழுதி, மீண்டும் தொகுக்க வேண்டும். விசைப்பலகை ஃபின்லாந்து நாட்டு அமைப்பில் இருந்தது. அந்நாளில் நிறுவுநரும் நிரலரும் ஒருவரே; தொடக்கநிலைப் பயனர் என்னும் வகையே இல்லை.

எனினும் வன்தட்டு அழிவுக்கு முதற்பலி ஆனவர்களுள் டோர்வால்ட்ஸும் ஒருவர் என்பது சுவையான செய்தி. பல்கலைக்கழகக் கணினியை மோடம் வழியே தானாக அழைக்க முயன்றபோது, மோடத்துக்குச் செல்ல வேண்டிய கட்டளைகள் தவறுதலாக வன்தட்டுக்குச் சென்று, மினிக்ஸ் இருந்த பிரிவின் முக்கியப் பகுதிகளைச் சிதைத்தன. மினிக்ஸை மீண்டும் ஏற்றாமல் லினக்ஸையே தமக்குப் போதுமானதாக வளர்த்தெடுக்க அப்போது தீர்மானித்ததாக அவர் பின்னர் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டார். லினக்ஸ் தன் காலில் நின்றதற்கு ஒரு வட்டுச் சிதைவும் காரணம் எனலாம்.

1992 தொடக்கத்தில் எச்.ஜே. லூ உருவாக்கிய துவக்க வட்டு, மூல வட்டு என்னும் இரு நெகிழ்வட்டுகளின் இணை மினிக்ஸின் தேவையை நீக்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க் வெளியிட்ட எம்.சி.சி. இடைக்கால லினக்ஸ், பட்டிகள் வழியே பயனரை நடத்திச் சென்றது. பிறர் நிறுவுவதற்காகவே கட்டமைக்கப்பட்ட தொகுப்பு என்ற வகையில் இதனை லினக்ஸ் வழங்கல்களின் தொடக்கமாகக் கொள்ளலாம். அதே ஆண்டில் பீட்டர் மெக்டொனால்டு வெளியிட்ட தொகுப்பின் பெயரே மென்மையான தரையிறக்கத்தைக் குறிக்கும் 'சாஃப்ட்லேண்டிங்'. தரையிறங்கும்போது அடிபடும் என்னும் அச்சம் அப்போதே இருந்ததற்கு அப்பெயர் சான்று.

நெகிழ்வட்டுக் காலம்

சாஃப்ட்லேண்டிங் தொகுப்பில் பிழைகள் மிகுந்திருந்தன. அவற்றின்மீதான மனக்குறையிலிருந்தே இன்றுவரை நிலைத்திருக்கும் இரு வழங்கல்கள் 1993இல் பிறந்தன. மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட்டில் பயின்ற பேட்ரிக் வோல்கெர்டிங், தம் பேராசிரியரின் வீட்டுக் கணினியிலும் ஆய்வகக் கணினிகளிலும் லினக்ஸை நிறுவ உதவ வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அதே பிழைகளை அதே வரிசையில் களைந்த அவர், திருத்தங்களை நிறுவலின்போதே இடம்பெறச் செய்தார். அத்திருத்தத் தொகுப்பே அவ்வாண்டு ஜூலையில் ஸ்லாக்வேராக வெளிவந்தது. ஆகஸ்ட் 16 அன்று பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயான் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். ஒரு மாணவர் தம் ஆசிரியருக்கு நிறுவித் தந்ததிலிருந்து ஒரு வழங்கல் தோன்றியது கவனத்திற்குரியது. நிறுவல் அக்காலத்தில் ஒருவர் மற்றொருவருக்குச் செய்துதரும் பணியாகவும் இருந்தது.

ஸ்லாக்வேரின் முதற்பதிப்பு 24 நெகிழ்வட்டுகளில் அடங்கியது. 1994 அக்டோபரில் வந்த 2.1ஆம் பதிப்புக்கு 73 நெகிழ்வட்டுகள் தேவைப்பட்டன. வட்டுகள் அகரவரிசை எழுத்துகளால் தொகுதி பிரிக்கப்பட்டிருந்தன: அடிப்படை நிரல்களுக்கு ஒன்று, நிரலாக்கக் கருவிகளுக்கு ஒன்று, வலையமைப்புக்கு ஒன்று, வரைகலைச் சூழலுக்கு ஒன்று என. டாஸ் கணினியில் ஒரு சிறு நிரலைக் கொண்டு ஒவ்வொரு படிமத்தையும் வட்டில் எழுதி, பெயர்ச்சீட்டு ஒட்டி, வரிசையாக அடுக்கிய பின்னரே வேலை தொடங்கும். வட்டுகளுள் ஒன்று பழுதானாலும் நிறுவல் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது பிரிவினை. தமிழ்ச் சூழலில் பாகப்பிரிவினை என்னும் சொல் எழுப்பும் கலக்கம் இங்கும் முற்றிலும் பொருந்தும். குடியிருக்கும் வீட்டை ஆட்களோடு வைத்துக்கொண்டே நடுவில் சுவர் எழுப்பும் வேலை அது. பெரும்பாலான கணினிகளில் முழு வன்தட்டும் டாஸுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. எஃப்டிஸ்க் நிரல் அப்பிரிவை நீக்கவும் புதியதை உருவாக்கவும் வல்லது. உள்ளிருக்கும் கோப்புகளைக் காத்துக்கொண்டு அதனைச் சுருக்க வல்லதன்று. எனவே பயனர் யாவற்றையும் நகலெடுத்துவிட்டு, டாஸைச் சிறிய பிரிவில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் என்னும் நிரல் இதற்கு மாற்று வழி தந்தது. முதலில் டாஸின் சீராக்க நிரலை இயக்கிக் கோப்புகள் அனைத்தையும் வட்டின் முற்பகுதிக்கு நகர்த்த வேண்டும்; பின் காலியாகக் கிடக்கும் பிற்பகுதியை ஃபிப்ஸ் தனிப் பிரிவாக வெட்டித்தரும்.

எஃப்டிஸ்க்கின் அமைப்பில் தொடக்கநிலையாளருக்கு ஆறுதலான ஒரு கூறும் இருந்தது. செய்யப்படும் மாற்றங்கள் யாவும் நினைவகத்திலேயே தங்கும். எழுதுக என்னும் கட்டளைக்குரிய ஒற்றை எழுத்தைத் தட்டும் வரை வன்தட்டு தொடப்படாது. அந்த எழுத்துக்கு முன்பு வரை எதையும் கைவிட்டு வெளியேறலாம். அதன் பின் திரும்ப வழியில்லை.

துவக்கியைப் பதிப்பது இதனினும் நுட்பமானது. வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ, கோப்புமுறைமையை அறியாதது; கெர்னல் வட்டில் எந்த இடங்களில் உள்ளது என்பதை எண்களாகக் குறித்துவைத்து, துவங்கும்போது அவ்விடங்களைப் படிக்கும். கெர்னலை மாற்றியவர் லிலோவை மீண்டும் இயக்க மறந்தால் குறித்துவைத்த இடங்கள் பயனற்றுப்போகும். அக்காலப் பயாஸ்கள் 1024ஆம் உருளைக்கு அப்பால் படிக்க இயலாதவை என்பதால் கெர்னல் வட்டின் முற்பகுதியிலேயே இருந்தாக வேண்டும். லிலோ தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டியது. முதலிரண்டு எழுத்துகளோடு நின்றுபோனால், இரண்டாங்கட்ட நிரல் ஏற்றப்பட்டும் இயங்கவில்லை என்று பொருள். பிழைச்செய்தி எழுத இடமில்லாத 512 பைட்டுகளுக்குள் தன் பெயரையே பிழைச்செய்தியாக்கிய இவ்வுத்தி வியக்கத்தக்கது. ஆனால் அதன் பொருளை அறிந்தவருக்கே அது செய்தி. அறியாதவருக்கு இறந்துவிட்ட கணினியின் திரையில் நிற்கும் இரண்டு எழுத்துகள்.

வரைகலைச் சூழலை அமைக்கும் வேலையில் பொருளிழப்பு அச்சமும் சேர்ந்தது. திரையின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண் எல்லைகளைப் பயனரே கோப்பில் எழுத வேண்டும். தவறான எண்கள் சில வகைத் திரைகளைப் பழுதாக்கலாம் என ஆவணங்கள் எச்சரித்தன. திரையின் கையேட்டைத் தொலைத்தவர்கள் ஊகத்தின் அடிப்படையில் எண்களை இட்டனர்.

ஆவணமும் துணைநிற்போரும்

இவ்வளவு அறிவும் புதியவருக்கு எங்கிருந்து கிடைத்தது? 1992இல் மேட் வெல்ஷ், லார்ஸ் விர்சேனியஸ், மைக்கேல் ஜான்சன் ஆகியோர் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டம் முதல் விடை. வெல்ஷ் எழுதிய நிறுவல் வழிகாட்டி பல ஆண்டுகள் அடிப்படை நூலாக விளங்கியது. ஆயினும் மின்வடிவ ஆவணத்துக்கு ஓர் உள்முரண் உண்டு. வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவர், அது துவங்க மறுக்கும் வேளையில் அதற்கான தீர்வை எதில் படிப்பார்? ஆகவே நிறுவலுக்கு முன் ஆவணத்தைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்வது தேவையாயிற்று.

இந்த முரணைத் தீர்த்தவர்கள் சக பயனர்களே. பயனர் குழுக்கள் உலகின் பல நகரங்களில் நிறுவல் விழாக்களை நடத்தின. புதியவர் தம் கணினியையே தூக்கிவர, அனுபவமுள்ளவர் அருகமர்ந்து நிறுவ உதவுவார். சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. இந்தியாவில் இத்தகைய குழுக்களின் பங்கு கூடுதலாக இருந்ததற்கு இணைய வேகமும் ஒரு காரணம். பொதுமக்களுக்கான இணையச் சேவை இங்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நொடிக்கு 33.6 கிலோபிட் மோடத்தில், இடையறாத இணைப்பு கிடைப்பதாகக் கொண்டாலும், 650 மெகாபைட் குறுவட்டு ஒன்றைத் தரவிறக்க ஏறத்தாழ 45 மணி நேரம் பிடிக்கும். ஆகவே பிசி குவெஸ்ட் போன்ற ஆங்கிலக் கணினி இதழ்கள் இதழுடன் இணைத்து வழங்கிய குறுவட்டுகளும், கைமாறிய நகல்களுமே லினக்ஸ் வந்து சேர்ந்த வழிகள். எந்த வழங்கலைத் தேர்வது என்னும் கேள்வி பலருக்கு எழவே இல்லை. எது கையில் கிடைத்ததோ அதுவே அவர்தம் லினக்ஸ்.

அறிவு நிரலுக்குள் இடம்பெயர்தல்

1999ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஏப்ரலில் கால்டெரா ஓப்பன்லினக்ஸ் 2.2, லிசார்டு என்னும் வரைகலை நிறுவியுடன் வந்தது. கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பயனர் டெட்ரிஸ் ஆடலாம். பயனர் விளையாடலாம் என்பதன் பொருள், இனி அவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே. அவ்வாண்டின் பிற்பகுதியில் ரெட் ஹேட் 6.1 அனகோண்டா என்னும் வரைகலை நிறுவியைக் கொண்டுவந்தது. 1998இல் கேல் டுவால் தொடங்கிய மாண்ட்ரேக், டாஸ் பிரிவைக் கோப்புகளோடு சுருக்கும் திறனை நிறுவிக்குள்ளேயே சேர்த்தது. ஃபிப்ஸ் வழிகாட்டியில் பல பக்கங்கள் பிடித்த வேலை ஒரு நகர்த்தியை இழுப்பதாக மாறியது.

இதனினும் அடிப்படையான மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான கிளாஸ் க்னாப்பர். 2000இல் வெளிவந்த அவருடைய க்னாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே இயங்கியது. சுருக்க நுட்பத்தால் 700 மெகாபைட் வட்டில் ஏறத்தாழ இரண்டு கிகாபைட் நிரல்கள் அடங்கின. இத்தகைய முயற்சியை இக்ட்ராசில் 1992இலேயே மேற்கொண்டது. அக்காலக் குறுவட்டு இயக்கிகளின் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. க்னாப்பிக்ஸ் வன்பொருள்களைத் தானே கண்டறிந்ததால், திரையும் ஒலியும் வலையட்டையும் வேலை செய்யுமா என்னும் ஐயத்துக்கு நிறுவும் முன்பே விடை கிடைத்தது. 2004 அக்டோபரில் தொடங்கிய உபுண்டு, குறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. 2006 ஜூனில் வந்த அதன் 6.06 பதிப்பு, நேரடியாக இயங்கும் வட்டையும் நிறுவியையும் ஒன்றாக்கியது. முதலில் பார், பின்னர் நிறுவு என்னும் வரிசை பொதுவழக்கானது அதன் பின்னரே.

இவ்வெளிமைக்கு ஒரு விலை உண்டு. வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்னும் தேர்வு, நிறுவியின் திரையில் மற்றத் தேர்வுகளுக்கு இணையாக ஒரு வரியாக நின்றது. எஃப்டிஸ்க்கில் பிரிவை அழிக்க அதன் எண்ணை அறிந்திருக்க வேண்டும், அழிக்கும் கட்டளையை இட வேண்டும், இறுதியில் எழுதச் சொல்ல வேண்டும். அத்தடைகளே ஒருவகைக் காவல். புதிய நிறுவியில் அவ்வரியை வாசித்துப் புரிந்துகொள்வதே ஏறத்தாழ முழுக் காவலும். எனவே நிறுவியின் மொழி எது என்பது இக்கட்டத்தில் பாதுகாப்புச் சிக்கலாகிறது.

தமிழில் நிறுவுதல்

தமிழில் 'நிறுவுதல்' என்னும் சொல் சான்று காட்டி மெய்ப்பித்தலையும் குறிக்கும். நிறுவித் திரையில் தமிழ் தோன்றுவதற்கும் அத்தகைய சோதனை ஒன்று தேவைப்பட்டது. பழைய நிறுவிகள் எழுத்து முனையத்தில் இயங்கின. லினக்ஸ் முனையம் 256 அல்லது 512 எழுத்துருவங்களை மட்டுமே கொள்ளும். ஒவ்வொரு குறியும் சம அகலமுள்ள கட்டத்தில் அமரும். மெய்யோடு உயிர்க்குறியை இணைத்து வடிவமைக்கும் திறன் அதற்கில்லை. 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து அமைய வேண்டும். முனையத்துக்கு அது கைகூடாதது. ஆகவே சொற்களை மொழிபெயர்த்து வைத்திருந்தாலும் அவற்றைக் காட்ட இடமில்லை.

2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 இத்தடையை நீக்கியது. அதன் வரைகலை நிறுவி அழகுக்காக மட்டும் உருவானதன்று. எழுத்து முனையத்தில் காட்ட இயலாத மொழிகளுக்கு வழி திறந்தது. தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம், கெமர், தாய் முதலிய மொழிகள் வரைகலை நிறுவியில் மட்டும் தேர்வுக்குக் கிடைத்தன. பிரிவினை எச்சரிக்கையைத் தமிழிலேயே வாசித்து முடிவெடுக்கும் வாய்ப்பு டெபியன் நிறுவியில் இவ்வாறு வந்தது. தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களின் இப்பணி தமிழ்க் கணிமை வரலாறுகளில் எழுத்துருவும் விசைப்பலகையும் பெற்ற கவனத்தைப் பெறவில்லை.

அதே ஆண்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் முன்னதாகவே ஏற்றப்பட்ட கணினிகள் மாணவர்க்கு வழங்கப்பட்டன. இக்கட்டுரையின் நோக்கில் இது தனித்த நிகழ்வு. பிரிவினையும் துவக்கியும் இயக்கிகளும் பயனரைச் சேராமல், விண்டோஸுக்கு நிகழ்ந்தது போலவே, தொழிற்சாலையில் முடிந்துவிட்டன. லினக்ஸ் கடினம் என்பதற்கான முதன்மைக் காரணம் இங்கு அகன்றது. அதே வேளையில், நிறுவலின் வழியாக உருவாகும் ஆவணம் படிக்கும் பழக்கமும் குழுவை நாடும் பழக்கமும் இக்கணினிகளோடு சேர்ந்து வரவில்லை. துவக்கப் பட்டியில் இரு பெயர்கள் இருந்தன. இரண்டாவதைத் தேர்வதற்கான காரணத்தைச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தாரா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறுபட்டிருக்கும்.

கையொப்பம் பெற்ற துவக்கம்

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, அதன் சான்றிதழ் பெற விரும்பும் கணினிகளில் பாதுகாப்பான துவக்கம் என்னும் ஏற்பாடு இயங்குநிலையில் இருக்க வேண்டும் என மைக்ரோசாஃப்ட் விதித்தது. நம்பத்தக்க சாவியால் கையொப்பமிடப்படாத துவக்கியைக் கணினி ஏற்காது. பெரும்பாலான கணினிகளில் அச்சாவி மைக்ரோசாஃப்டினுடையது. மேத்யூ காரெட் உருவாக்கிய ஷிம் என்னும் சிறு துவக்கியில் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் பெற்று, அதன் வழியே லினக்ஸின் துவக்கியை ஏற்றும் முறை பின்பற்றப்பட்டது. 2013 ஜனவரியில் வந்த ஃபெடோரா 18 உள்ளிட்ட பெரிய வழங்கல்கள் இவ்வழியில் இயங்கின. சிறிய வழங்கல்களை நாடிய புதியவர், இன்டெல் வகைக் கணினிகளில் அனுமதிக்கப்பட்டிருந்தபடி, அவ்வேற்பாட்டை முடக்க வேண்டியிருந்தது. அதற்குரிய விசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபட்டது. கணினி உயிர்பெறும் ஓரிரு நொடிகளுக்குள் அதனை அழுத்த வேண்டும். திறக்கும் பட்டிகள் பெரும்பாலான கணினிகளில் ஆங்கிலத்திலேயே இருந்தன. நிறுவி தமிழில் பேசத் தொடங்குவது அவற்றைக் கடந்த பின்னரே.